இரைச்சல் போகாத கேசட்

லெப்பைக்குடிகாட்டில் சைபுல்லா வீட்டு டேப்ரிக்கார்டருக்கு இருந்த மரியாதையில் பாதிகூட அந்த வீட்டு மருமகளுக்குக் கிடையாது. ஹுஸ்னாவிடம் கேட்டால் அவளே சிரித்துக்கொண்டு ஒப்புக்கொள்வாள். அதற்குப் பூ வேலை செய்த துணி உறை உண்டு, கூடத்து அலமாரியில் தனித் தட்டு உண்டு, தினமும் தூசி தட்டல் உண்டு. சைபுல்லா சவூதியில், தம்மாமில் கொத்து வேலை பார்த்து முடித்து ஊரோடு வந்தபோது மடியில் வைத்துக் கொண்டுவந்த பெட்டி அது. விமானத்தில் பக்கத்து சீட்டுக்காரன் அதைக் கீழே வைக்கச் சொன்னானாம். விமானம் இறங்கும்வரை இவர் அவன் முகத்தைத் திரும்பிப் பார்க்கவில்லையாம்.

ஹுஸ்னாவிடம் ஒரே ஒரு கோளாறு. எதைப் பார்த்தாலும் அதற்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். கல்யாணத்துக்கு வந்த சுவர்க் கடிகாரத்தைச் சூடு ஆறுமுன்னே கழற்றிப் பார்த்தவள். திரும்ப மாட்டினாள், ஓடவும் செய்தது. ஒரு ஸ்குரூ மட்டும் மிஞ்சிவிட்டது. மாமியார் ஆயிஷா பீவி அந்த ஸ்குரூவை அஞ்சறைப் பெட்டியில் பத்திரமாக வைத்துக்கொண்டு வருகிறவர் போகிறவருக்கெல்லாம் எடுத்துக் காட்டினாள்.

ஹுஸ்னாவின் புருஷன் நசீர் அந்தச் சித்திரையில் சவூதிக்கு, அதே தம்மாமுக்குப் புறப்பட்டான். தொண்ணூற்றேழாம் வருஷம். போன இடத்தில், வேலையாட்கள் தங்கும் கேம்ப்பில் போன் வசதி இல்லை என்று சொல்லிவிட்டான். ஆயிஷா பீவிக்கு எழுத்து தெரியாது, ஆகவே கேசட்தான். அங்கிருந்து லீவில் வருகிற யாரிடமாவது கொடுத்துவிடுவான். அவர்கள் பம்பாயில் இறங்கியதும் தபாலில் போடுவார்கள். இங்கிருந்து போவதும் ஆள் அனுப்புகிற பம்பாய் ஏஜெண்ட் ஆபீஸ் முகவரிக்குத்தான். அங்கே விமானம் ஏறுகிறவர் கையில் கொடுத்து அனுப்புவார்கள். ஊரில் பல வீட்டுக்குப் பேச்சு இப்படித்தான் வந்து போய்க்கொண்டிருந்தது. கேசட் மேல் பம்பாய் முத்திரை இருப்பதை யாரும் ஒரு விஷயமாக நினைத்ததில்லை.

இதில் சைபுல்லா வகுத்த சட்டங்கள் இரண்டு. முதல் பக்கம் வீட்டுக்கு, மறுபக்கம் மருமகளுக்கு. மறுபக்கம் ஓடும்போது கூடத்தில் வேறு யாரும் இருக்கக்கூடாது. அந்த விஷயத்தில் அவர் கெட்டி. யாராவது வாசலில் தயங்கினால் தொண்டையைச் செருமியே விரட்டிவிடுவார். இரண்டாவது சட்டம்தான் பொல்லாதது. வந்த கேசட்டிலேயே பதிலைப் பேசி, அதையே திருப்பி அனுப்ப வேண்டும். நசீரின் குரல் மேலே இவர்கள் குரல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். "எம் புள்ள சத்தத்த அழிக்காதீங்களேன்" என்று ஆயிஷா பீவி ஒவ்வொரு முறையும் கெஞ்சுவாள். "சத்தம் அவன் தொண்டையில இருக்கு, மறுபடி அனுப்புவான்" என்பார் அவர்.

மூன்றாவது கேசட் ஜூலைக் கடைசியில் வந்தது. துணி உறையை எடுத்து, கேசட்டைச் செருகி, சைபுல்லா பட்டனை அமுக்கினார். ஒரே இரைச்சல். அந்த இரைச்சலுக்கு அடியிலிருந்து நசீர் சலாம் சொன்னான்.

"அத்தா, அம்மா, எல்லாரும் நல்லா இருக்கீங்களா. நான் நல்லா இருக்கேன், அல்ஹம்துலில்லாஹ். இங்க வெயில்தான் மண்டையப் பொளக்குது..."

ஆயிஷா பீவி ஸ்பீக்கரில் காதை ஒட்டிக்கொண்டாள். "என்னங்க இது, எம் புள்ள எண்ணெய்ச் சட்டிக்குள்ள உக்காந்து பேசுறானா?"

சைபுல்லா டேப்ரிக்கார்டரைப் பார்க்கவில்லை. நேராக மருமகளைப் பார்த்தார். "கழட்டுனியா?"

"இல்லைங்க மாமா. மூடியத் தொறந்து டார்ச் அடிச்சுப் பாத்தேன். கை வைக்கல."

"பாத்ததே தப்பு" என்றார் அவர்.

மறுபக்கம் போட்டதும் இருவரும் எழுந்து போனார்கள். ஹுஸ்னா தனியாக உட்கார்ந்து கேட்டாள். நசீர் அவளிடம் பேசும்போது எப்போதும் கொஞ்சம் கேலி செய்வான். அடுத்து என்ன கழற்றினாய், எத்தனை ஸ்குரூ மிச்சம் என்பான். இதிலும் கேட்டான். நடுவில் ஓர் இடத்தில் பேச்சு நின்றது. மைக்கை விட்டு முகத்தைத் திருப்பி யாரிடமோ என்னவோ சொன்னான். அது இரைச்சலில் கரைந்துபோனது. திரும்பி அவளிடம் பேசவந்தபோது கேலி இல்லை. "சரி ஹுஸ்னா. ஒடம்பப் பாத்துக்க" என்று முடித்துவிட்டான்.

அந்த இடத்தை அவள் திரும்பத் திரும்பப் போட்டாள். சிரித்துக்கொண்டிருந்தவன் யாரிடம் என்ன சொன்னான்? எதனால் சுருதி இறங்கியது? அவளிடம் அவனுடையது என்று இருந்ததே அந்தக் குரல் ஒன்றுதான். அதிலும் ஒரு துண்டு கைக்கு எட்டாமல் கிடந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் பதில் பேசிப் பதிய வேண்டும், அதன் பிறகு அது இந்த உலகத்திலேயே இருக்காது. அதற்குள் இரைச்சலைப் போக்கி அந்தப் பேச்சைக் கேட்டுவிட வேண்டும் என்று அவளுக்குப் பிடிவாதம் வந்துவிட்டது.

நாடா உரசி ஓடுகிற ஹெட்டில் அழுக்கு ஏறியிருந்தால் இரையும், ஸ்பிரிட் போட்டுத் துடைக்க வேண்டும் என்று கேள்விப்பட்டிருந்தாள். சொன்னதுதான் தாமதம், சைபுல்லா துள்ளிக் குதித்தார்.

"ஸ்பிரிட்டுன்னா என்ன? சாராயம்! சாராயத்த என் வூட்டுக்குள்ள கொண்டாரச் சொல்றியா? அல்லாஹ் காப்பாத்தணும்."

"குடிக்கவா போறோம் மாமா? மெஷினுக்குத்தானே."

"மெஷினும் இந்த வூட்டுலதான இருக்கு?" என்றார். மார்க்கம் படித்தவர்களும் அவரிடம் வாய் கொடுக்க மாட்டார்கள்.

அவரிடம் மாற்று யோசனை இருந்தது. மக்காவிலிருந்து வந்த அத்தர், ஒரு சொட்டு சாராயம் கலக்காத சுத்தமான எண்ணெய் அத்தர். பஞ்சில் தாராளமாக ஊற்றி, பிஸ்மி சொல்லி, அவரே ஹெட்டையும் அதன் பக்கத்தில் சுற்றும் ரப்பர் உருளையையும் அழுத்தித் துடைத்தார். ஹுஸ்னா வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லியிருந்தால் மட்டும் கேட்டிருக்கவா போகிறார்.

வீடெல்லாம் கமகமத்தது. கேசட்டைப் போட்டார்கள். எண்ணெய் பட்ட உருளை நாடாவைப் பிடிக்க முடியாமல் வழுக்கியது. நசீர், "அஸ்ஸ்ஸ... லாஆஆமு..." என்று இழுத்தான், குழறினான், சட்டென்று வேகம் பிடித்து ஓடினான், மறுபடி இழுத்தான். பட்டப்பகலில் முட்டக் குடித்தவன் பேசுகிற மாதிரியே இருந்தது. ஆயிஷா பீவி வாயில் முந்தானையைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

"சாராயம் வேணாம்னீங்க. இப்ப யாரு குடிச்சிருக்கான்னு கேளுங்க" என்றாள் புருஷனிடம்.

அதற்குள் உள்ளே கரகரவென்று சத்தம் வந்து எல்லாம் நின்றுவிட்டது. நாடா உருளையில் சிக்கிச் சுருண்டிருந்தது. சைபுல்லா கையை எடுத்துக்கொண்டார். "ஹுஸ்னா, நீ பாரும்மா" என்று முதல்முறையாகப் பெட்டியை விட்டு விலகி உட்கார்ந்தார்.

அவள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டு வந்தாள். மடங்கிய நாடாவை இழுக்காமல், சிக்கெடுக்கிற பொறுமையோடு கொஞ்சம் கொஞ்சமாக விடுவித்தாள். கசங்கிய இடத்தைச் சுத்தமான துணியில் வைத்து நீவிவிட்டாள். பிறகு பேனாவைப் பல்சக்கரத்தில் நுழைத்து மெல்லச் சுற்றி உள்ளே ஏற்றினாள். நல்லவேளை, மாட்டியது ஆரம்பத்துச் சலாம் பகுதிதான். நடுவில் இருந்தது தப்பித்தது.

மறுநாள் பெரம்பலூர் பஸ்ஸில் சைபுல்லா பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனார். சிக்கலை எடுத்தவள் என்ற தகுதியில் ஹுஸ்னாவும் கூடப் போனாள்.

பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் பஞ்சநாதன் கடை. ரேடியோ, டேப், மிக்ஸி எல்லாம் பார்ப்பார். பாதி நேரம் வேலை, பாதி நேரம் புது செட் வாங்கச் சொல்லிப் பிரசங்கம். மூடியைத் திறந்தவர் மூக்கை உள்ளே விட்டார்.

"என்ன வச்சுத் தொடச்சீங்க?"

"அத்தர்" என்றார் சைபுல்லா, தெருவைப் பார்த்துக்கொண்டு.

"எங்கிட்ட எத்தனையோ பொட்டி வந்திருக்கு பாய். கரப்பான் செத்த நாத்தத்தோட வரும், சாம்பிராணிப் பொகையோட வரும். கல்யாண மாப்புள்ள மாதிரி மணக்க மணக்க வந்தது இதான்."

அவர் ஸ்பிரிட் புட்டியின் மூடியைத் திருகியதும் சைபுல்லா கடையை விட்டு இறங்கித் தெருவோரமாக நின்றுகொண்டார். பஞ்சநாதன் தீக்குச்சியில் பஞ்சைச் சுற்றி நனைத்து, ஹெட்டைத் துடைத்தார். பஞ்சு கறுத்தது. வேறு பஞ்சு எடுத்து உருளையைத் துடைத்தார். ஹுஸ்னா குனிந்து பார்த்தபடி கேட்டுக்கொண்டே இருந்தாள். இது எதுக்கு, அது சுத்தலேன்னா என்ன ஆகும், இந்த பெல்ட் ஏன் தொங்குது? கேள்வி கேட்டால் பஞ்சநாதனுக்கு உற்சாகம் வந்துவிடும். தெரிந்ததையும் சொல்வார், தெரியாததையும் சொல்வார்.

"ஹெட்டு அழுக்கானா பேச்சு மங்கும். உருளை வழுக்குனா பேச்சு இழுக்கும். பெல்ட் தொவண்டா சோர்ந்து போவும். மெஷினோட வியாதி அம்புட்டுதான்மா."

"எரையிறது?"

"அதுவும் அழுக்குதான். இப்பப் பாரு" என்று கடையில் இருந்த நாதஸ்வரக் கேசட் ஒன்றைப் போட்டார். கடை முன்னே கல்யாணம் நடப்பதுபோல் பளிச்சென்று கேட்டது. தவில்காரர் விரல் ஒவ்வொன்றும் தனியாகத் தெரிந்தது. பெருமையோடு நசீர் கேசட்டைப் போட்டார். குரல் இப்போது பக்கத்தில் வந்துவிட்டது. ஆனால் இரைச்சல் அப்படியே இருந்தது. சொல்லப்போனால் அதுவும் கூடவே துலங்கி வந்திருந்தது.

பஞ்சநாதனுக்கு முகம் தொங்கிப்போயிற்று. "மெஷின்ல கோளாறுன்னா எல்லாக் கேசட்டுலயும் வரணும். இதுல மட்டும் வருதுன்னா, பேசுன எடத்துலயே இருந்திருக்கு. அதுக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாது. நீங்க பேசாம ஒரு புது செட்டு..."

தெருவிலிருந்து சைபுல்லா குரல் கொடுத்தார். "ஏசி! ஏசி சத்தம்யா அது. அங்க ரூமுக்கு ரூம் ஏசி. நான் இருந்தப்பவே இப்புடித்தான் ஒறுமும். ஆக மொத்தம் எம் மெஷின் மேல குத்தமில்ல."

அவருக்குப் பெரிய நிம்மதி. ஹுஸ்னாவுக்கு இல்லை. போன கேசட்டில் நசீர், ரூமில் ஒரே ஃபேன், அதுவும் கிறுகிறுவென்று சுத்துது என்றல்லவா சொன்னான்? நன்றாக ஞாபகம் இருந்தது. போட்டுக் கேட்டுச் சரிபார்க்கலாம் என்றால் அந்தப் பேச்சின் மேல்தான் ஆயிஷா பீவி மாவடு ஊறுகாய் போட்ட கதையைச் சொல்லி அழித்து, கேசட்டும் திரும்பிப் போய்விட்டதே.

மாதம் ஒருமுறை துடைக்க என்று பஞ்சநாதன் சின்னப் புட்டியில் ஸ்பிரிட் கொடுத்தார். அது வீட்டுக்குள் வரலாமா என்று பஸ்ஸில் வாதம் நடந்தது. கடைசியில் சைபுல்லாவே ஒரு தீர்ப்புச் சொன்னார். புட்டி கொல்லைப்புறத்துத் தகரக் கொட்டகையில் இருக்கட்டும். துடைக்க வேண்டுமானால் பெட்டியை அங்கே கொண்டுபோய்த் துடைத்து, வாடை போனபிறகு வீட்டுக்குள் கொண்டுவரட்டும். பதிலைப் பதிவதும் அடுத்த வெள்ளிக்குத் தள்ளிப்போனது.

தகரக் கொட்டகையில் விறகும் தேங்காய் மட்டையும் கிடந்தன. ஹுஸ்னா பெட்டியில் பேட்டரி போட்டு எடுத்துக்கொண்டு போனாள். மதியச் சாப்பாடு முடிந்து வீட்டில் எல்லோரும் கண்ணயர்ந்த நேரம். ஹெட்டைத் துடைப்பது, அந்த இடத்தைப் போட்டுக் கேட்பது, மறுபடி துடைப்பது. அழுக்கு இல்லை என்று பஞ்சு வெள்ளையாகவே சொல்லிக்கொண்டிருந்தது. அவளுக்கு இன்னும் மனம் கேட்கவில்லை. கேலி பேசுகிறான், நிறுத்துகிறான், திரும்புகிறான், இரைகிறது.

ஒருமுறை போட்டபோது இரைச்சல் திடீரென்று பெரிதாகிவிட்டது. பேச்சே கேட்கவில்லை. நன்றாக இருந்ததை நாம்தான் துடைத்துத் துடைத்துக் கெடுத்துவிட்டோம் என்று பதறிப்போய் நிறுத்தும் பட்டனை அமுக்கினாள்.

கேசட் நின்றது. இரைச்சல் நிற்கவில்லை.

தலையைத் தூக்கிப் பார்த்தாள். தகரத்தின் மேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. வெளியே கொல்லை முழுக்க வெள்ளையாக இருந்தது. வந்ததே தெரியவில்லை. நல்ல ஆளுதான் நான், மழைக்குப் பட்டனை அமுக்குகிறேனே என்று தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். பெட்டி நனையாமல் முந்தானையால் மூடிக்கொண்டு மழை விடுவதற்காகக் காத்திருந்தாள். தகரத்தில் ஆணி அடித்த ஓட்டை வழியாக, மூலையில் கிடந்த வாளியில் சொட்டுச் சொட்டாக நீர் விழுந்துகொண்டிருந்தது.

ஆவணிக்கு முந்தின மழை, வந்த வேகத்தில் ஓய்ந்துவிட்டது. தகரம் அடங்கியது. வாளியில் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் மறுபடி பட்டனை அமுக்கினாள்.

வெளியே மழை நின்றுபோயிருந்தது. கேசட்டுக்குள் நிற்காமல் பெய்துகொண்டிருந்தது.

ஹுஸ்னா ஸ்பீக்கரில் காதை வைத்தாள். தகரத்தில் விழுகிற மழைதான். அது ஏசி இல்லை, அழுக்கு இல்லை. காற்று அடிக்கும்போது ஏறி, அடங்கும்போது இறங்கியது. அதன் அடியில், இங்கே போலவே, ஒரு வாளியில் சொட்டுகிற சத்தம் தனியாகக் கேட்டது. எதைக் கேட்கவேண்டும் என்று தெரிந்துவிட்ட பிறகு காது தானாக வேலை செய்தது. நசீர் மைக்கை விட்டுத் திரும்பிச் சொன்னது, இவ்வளவு நாள் கரைந்து கிடந்தது, முழுதாகக் காதில் விழுந்தது.

"வாளி ரொம்பிடுச்சு பாரு. பாய நனைக்குது, மாத்து."

சாயங்காலம் சைபுல்லா டீ குடிக்கும்போது மெதுவாகக் கேட்டாள். "மாமா, தம்மாம்ல இந்த மாசத்துல மழை பெய்யுமா?"

"இந்த மாசத்துலயா? நான் இருந்த வருஷமெல்லாம் வெயில் காலத்துல ஒரு சொட்டு பாத்ததில்ல. ஏன் கேக்குற?"

"சும்மாத்தான்."

"அவளுக்கு மேகத்தையும் கழட்டிப் பாக்கணுமோ என்னமோ" என்றாள் ஆயிஷா பீவி.

சைபுல்லா செய்திக்காகப் பெட்டியில் ரேடியோவைத் திருப்பினார். ஏதேதோ சொல்லிவிட்டு, மும்பையில் மீண்டும் பலத்த மழை, தாழ்வான பகுதிகளில் தண்ணீர் என்றது ரேடியோ. ஹுஸ்னா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

முதலில் வந்தது கோபம்தான். வெயில் மண்டையைப் பிளக்கிறதாமே! மழையில் நனைந்துகொண்டு என்ன வாய், என்ன நடிப்பு! பாத்திரத்தை நங்கென்று வைத்தாள். அப்புறம் நனைந்த பாய் நினைவுக்கு வந்தது. பம்பாயிலேயே, விமானம் ஏறாமல், ஏஜெண்ட் இன்று அனுப்புகிறேன் நாளை அனுப்புகிறேன் என்று சொல்லச் சொல்ல, ஒழுகுகிற தகரத்துக்குக் கீழே நாலு மாதமாகப் படுத்திருக்கிறான். ஊருக்கு வரவேண்டியதுதானே? ஏன் வரவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

தெருமுனையில் ஆட்டோ ஓட்டும் அஸ்லாமும் இப்படித்தான் சவூதிக்கென்று போய், பம்பாயில் கிடந்து, திரும்பி வந்தவன். வந்த அன்றே அவனுக்கு ஒரு பெயர் விழுந்தது: பம்பாய் ஷேக். இப்போது ஊரில் பாதிப் பேருக்கு அவன் சொந்தப் பெயர் மறந்துவிட்டது. அந்தப் பெயரை வைத்தவர் வேறு யாருமில்லை, சைபுல்லாதான். பள்ளிவாசலுக்குப் போகும்போதெல்லாம், "என்ன ஷேக்கு, ஒட்டகம் சௌக்கியமா?" என்பார். நசீர் கூட நின்று சிரித்ததை ஹுஸ்னாவே பார்த்திருக்கிறாள்.

மாமனாரிடம் சொன்னால் நசீர் ஒருநாளும் வாசல் மிதிக்க மாட்டான். சொல்லாவிட்டால் அங்கேயே கிடப்பான். அவனாக வரவேண்டும். வரலாம் என்று அவனுக்குத் தெரியவேண்டும். எப்படித் தெரியப்படுத்துவது என்றுதான் அந்த வாரம் முழுக்க யோசித்தாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. முதல் பக்கத்தில் சைபுல்லா பேசினார். மெஷின் மேல் குற்றமில்லை, எல்லாம் ஏசி செய்த வேலை என்று தீர்ப்பைப் பதிவு செய்தார். ஆயிஷா பீவி வெயிலில் அலையாதே என்றாள். இருவரும் எழுந்துபோனதும் ஹுஸ்னா கேசட்டைத் திருப்பிப் போட்டாள்.

பெட்டியில் நாடா ஓட ஓட எண் மாறுகிற சின்னக் கண்ணாடி ஒன்று உண்டு. அந்த வாளி வருகிற இடத்தின் எண்ணை அவள் மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். பேச்சு அதைத் தாண்டிவிடக் கூடாது. தாண்டினால் அழிந்துவிடும். ஒரு கண்ணை எண்ணில் வைத்துக்கொண்டு பேசினாள்.

"மச்சான், நான் நல்லா இருக்கேன். மெஷின நானே சுத்தம் பண்றேன் இப்ப. ஸ்குரூ ஒண்ணும் மிச்சமில்ல. நீங்க பேசுனது எல்லாம் தெளிவாக் கேக்குது, கேக்கக் கூடாதுன்னு நெனச்சதும் கேக்குது. நீங்க பேசுனதுல ஒரே ஒரு எடத்த நான் அழிக்காம விட்டிருக்கேன். நான் நிறுத்துனதும் அது வரும். கேளுங்க. நான் யாருகிட்டயும் சொல்லல. நம்ம வூடு ஒழுவல மச்சான்."

எண் வருவதற்குச் சற்று முன்னே பட்டனை அமுக்கி நிறுத்தினாள். அழிந்துவிட்டதோ என்று திருப்பிப் போட்டுப் பார்த்தாள். அவள் குரல் முடிந்தது. டக்கென்று ஒரு சத்தம். அதன் பிறகு அவனுடைய மழை.

கேசட் பம்பாய் முகவரிக்குப் போனது. பதில் கேசட் வரவில்லை. ஆயிஷா பீவி தபால்காரனைத் திட்டினாள், சைபுல்லா ஏஜெண்ட்டைத் திட்டினார். ஹுஸ்னா, வந்தால் கேட்க வேண்டுமே என்று ஹெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்த நாட்களில் அவள் பயந்தது போல் வாழ்க்கையில் பயந்ததில்லை. அவசரப்பட்டு அவனை இன்னும் தூரமாக விரட்டிவிட்டோமோ என்று நினைத்து நினைத்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஒருநாள் மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு, திருமாந்துறையில் பஸ் இறங்கி நடந்து வந்து வாசலில் நின்றான் நசீர். இளைத்திருந்தான். கையில் ஒரே ஒரு பை. ஆயிஷா பீவி கத்திக்கொண்டே ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். "எப்படா வந்த? ஃபிளைட்டு எப்ப எறங்குச்சு? என்னடா திடீர்னு?"

சைபுல்லா நாற்காலியை விட்டு எழுந்தவர் அப்படியே நின்றார். மகனைப் பார்த்தார், பையைப் பார்த்தார். தம்மாமிலிருந்து வருகிறவன் பை எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாதா?

நசீர் பையைக் கீழே வைத்தான். சட்டைப் பையிலிருந்து அந்தக் கேசட்டை எடுத்து ஹுஸ்னாவிடம் நீட்டினான்.

"இதப் போடு. அத்தா கேக்கட்டும்."

அவள் வாங்கிக்கொண்டாள். ஆனால் அலமாரிப் பக்கம் போகவில்லை.

"எதுக்கு இன்னும் மெஷினு? எதிர்லதானே நிக்கிறாங்க. வாயால சொல்லுங்க."

அவன் அவளைப் பார்த்தான். பிறகு அப்பனைப் பார்த்தான். "அத்தா, நான் பம்பாயத் தாண்டல" என்றான்.

சைபுல்லா வாயைத் திறந்தார். ஊரே பயப்படுகிற வாய் அது. அதிலிருந்து என்ன வரப்போகிறதோ என்று ஹுஸ்னா கேசட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப அந்த ஏசி?" என்றார்.

"மழைங்க மாமா" என்றாள் ஹுஸ்னா. "தகரத்துல பெஞ்ச மழை. ஒழுவி, வாளி ரொம்பி, பாயெல்லாம் நனைஞ்சுருக்கு."

அவர் அலமாரியில் பூ உறை போட்டு உட்கார்ந்திருந்த பெட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கிவிட்டது. "நாலு மாசமா ஒழுவுற எடத்துலயாடா படுத்திருந்த?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல், "ஆயிஷா, புள்ளைக்குச் சோறு வை" என்று கொல்லைப் பக்கம் போய்விட்டார்.

சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் வந்து, "வா, பள்ளிக்குப் போவோம்" என்று மகனைக் கூப்பிட்டார். நசீர் தயங்கினான். அவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். ஹுஸ்னா வாசல் திரையை விலக்கிக்கொண்டு பார்த்தாள். தெருமுனையில் வழக்கம்போல் ஆட்டோவில் சாய்ந்தபடி அஸ்லாம் நின்றிருந்தான். இவர்களைக் கண்டதும், வரப்போகிற ஒட்டகக் கேள்விக்கு முன்கூட்டியே பல்லைக் காட்டி வைத்துக்கொண்டான்.

சைபுல்லா அவன் எதிரில் நின்றார். "அஸ்லாம் தம்பி, தொழுவ வரலயா?" என்றார்.

அஸ்லாம் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தான்.